டீசலா, பெட்ரோலா?

இல்லறக் கணக்கு

சென்ற திங்கள் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் இரண்டு ஒரே வினாவை எழுப்புகின்றன. அவை வேறு வேறு இல்லங்களிலிருந்து வந்தவை. கேட்பவர்களின் வயதும் தொழிலும் வேறு. ஆயினும் இரண்டையும் ஒருங்கே வைத்து விடை கூறினால் மற்ற அன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி, இத்திங்கள் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதற் கடிதத்தை எழுதியவர் டில்லியில் சமையற் குத்தகைத் தொழில் நடத்தும் அன்பர். நாள்தோறும் விடியற்காலையில் இட்லி மாவைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கிறார். முகூர்த்த நாட்களில் அண்டா, அடுப்பு, மளிகைச் சாமான் அனைத்தையும் மண்டபத்துக்கு ஏற்றிச் செல்கிறார். ஆண்டில் ஐந்து முறையேனும் ஹரித்துவாரம், ரிஷிகேசம், முசௌரி ஆகிய இடங்களில் நடக்கும் சஷ்டியப்தபூர்த்தி, உபநயனம் முதலிய விசேடங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. அங்கெல்லாம் ஜெனரேட்டர் பொருத்திய இழுவை வண்டியையும் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல விரும்புகிறார். இதுகாறும் வாடகை வண்டியைக் கொண்டே காலந்தள்ளினார். இப்போது சொந்தமாக ஒரு பிக்-அப் வாங்க எண்ணுகிறார். எட்டு ஆண்டு ஓடிய டீசல் வண்டி ஒன்று மலிவாக வந்திருக்கிறதாம். மனைவியாரின் நகைகளை வைத்துக் கடன் பெறவும் ஏற்பாடாகிவிட்டது. "பாரம் இழுப்பதற்கு டீசலே என்று எல்லோரும் சொல்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

அக்கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரிகள் காணப்படுகின்றன: "மாவு வண்டி நாளொன்றுக்குப் 15 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதி வைத்திருக்கிறேன்." எழுதியவர் அந்த அம்மையாராகவே இருக்க வேண்டும். அந்த இரண்டு வரிகள் நமக்கு எவ்வளவு உதவின என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாம் கடிதம் நொய்டாவிலுள்ள இளந்தம்பதியருடையது. இருவரும் அலுவலகங்களில் பணி செய்கிறார்கள். வேலை நாட்களில் மெட்ரோ ரயிலிலேயே சென்று வருகிறார்கள். விடுமுறைகளில் இமாசலத்தின் கரடுமுரடான மலைப் பாதைகளிலும், முடியுமானால் லடாக் வரையிலும் சென்றுவர ஜீப் வகை வண்டி ஒன்று வாங்க விருப்பம். நண்பர்களோ, "மலைக்கு டீசல்தான், பெட்ரோல் வண்டி பாதி வழியில் மூச்சு வாங்கும்" என்று அச்சுறுத்துகிறார்களாம்.

நாம் செய்த கணக்கு

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் இல்லத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவது முறை. 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தொட்டது. டீசலோ 41 ரூபாய்க்குக் கிடைத்தது. டீசலின் விலையை அப்போது அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஒரு லிட்டருக்கு 32 ரூபாய் வேறுபாடு என்றதும் நாமும் பலரைப் போல் டீசல் கார் ஒன்றை வாங்கினோம். பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் அதிகம் கொடுத்தோம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்து ஆண்டில் அந்த லட்சம் திரும்பிவிடும், அதன் பின்னர் வருவதெல்லாம் ஆதாயம் என்று தாளில் எழுதிப் பார்த்தே வாங்கினோம். கூட்டலில் பிழை இல்லை.

ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைமீதிருந்த கட்டுப்பாடு நீங்கியது. வேறுபாடு படிப்படியாகச் சுருங்கிற்று. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டில்லியிலும் சுற்று வட்டாரத்திலும் ஓடக்கூடாது என்று ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 ஜூன் மாதத்தில் டில்லியில் டீசலின் விலை பெட்ரோலின் விலையையே தாண்டிச் சென்ற விந்தையையும் கண்டோம். ஐந்து ஆண்டில் மீளும் என்றிருந்த லட்சம் பத்தாம் ஆண்டு நெருங்கும்போதுதான் மீண்டது. அதற்குள் கெடுவும் வந்துவிட்டது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை, ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று, வெளி மாநிலத்துக்காரர் ஒருவருக்கு வாங்கிய விலையில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்து அனுப்பினோம். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும் வரையில் வீட்டிலுள்ளோர் வாயிலிலேயே நின்றிருந்தார்கள்.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டோம். வேலையையும் ஊரையும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் தவறு நம்மோடு நிற்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இரண்டு எந்திரங்கள்

டீசலுக்கு இழுக்கும் வலிமை அதிகம் என்று சொல்வது வெறும் பேச்சன்று. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் எங்கே அது உண்மை, எங்கே அது பழங்கதை என்பது விளங்கும்.

பெட்ரோல் எந்திரம் 1876-இல் ஜெர்மானியரான நிக்கொலாஸ் ஓட்டோ செய்துகாட்டிய முறையைப் பின்பற்றுவது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை எழுப்பி அதைக் கொளுத்துகிறது. ருடால்ஃப் டீசல் என்பவர் 1897-இல் வெற்றியாக ஓட்டிக்காட்டிய எந்திரத்தில் பொறி கிடையாது. காற்றை மட்டும் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறார்கள். அந்த நெருக்கத்திலேயே காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது.

அதிகமாக நெருக்குவதால் எரிபொருளின் சூட்டில் பெரும் பங்கு வேலையாக மாறுகிறது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட அளவு ஆற்றல் அதிகம் அடங்கியிருக்கிறது. இவ்விரண்டு காரணங்களாலும் டீசல் வண்டி குறைவாகக் குடித்து நெடுந்தூரம் ஓடுகிறது. 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்து வருவதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்கே ஆதலின், பெட்ரோல் வண்டி ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறைகிறது.

அத்தனை நெருக்கத்தையும் தாங்குவதற்கு டீசல் எந்திரத்தைக் கனமாகவும் உறுதியாகவும் செய்கிறார்கள். அதனால் விலையும் உயர்கிறது, வண்டியின் மூக்கும் கனக்கிறது.

பாரமும் மேடும்

இனி இழுக்கும் வலிமைக்கு வருவோம். குதிரைத்திறன் வேறு, முறுக்கு விசை வேறு. மெக்கானிக்குகள் டார்க் என்று சொல்வது இந்த முறுக்கு விசையைத்தான். குதிரைத்திறன் வண்டி எவ்வளவு விரைவாகப் போகும் என்பதைக் காட்டும். மேட்டில் நின்றுவிட்ட பார வண்டியை அசைத்து நகர்த்துவது முறுக்கு விசை. டீசல் எந்திரம் மெதுவாகச் சுழலும்போதே இவ்விசையை நிறையத் தருகிறது. பழைய பெட்ரோல் எந்திரத்தையோ அதே விசைக்கு வேகமாகச் சுழற்றி அலறவிட வேண்டும்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். பாரத்தோடு சேர்த்து 3,000 கிலோ எடையுள்ள பிக்-அப் ஒன்று சமதளத்தில் மெல்ல உருள ஏறத்தாழ 45 கிலோ அளவுள்ள இழுப்பே போதும். பத்து அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் அதனோடு இன்னும் 300 கிலோ சேர்கிறது. டில்லித் தெருக்களில் துள்ளி ஓடும் வண்டி, டேராடூனிலிருந்து முசௌரி ஏறும்போது ஏழு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். நாள்தோறும் இப்படி இழுக்கும் வண்டிக்கு டீசலே ஏற்றது. நம் நாட்டில் பெயர் பெற்ற பெரிய பிக்-அப் வகைகளான இசுசூ வி-கிராசும், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் டீசலில் மட்டுமே விற்பனைக்கு வந்தவை என்பதையும் கவனிக்கலாம்.

ஆயினும் காலம் மாறியிருக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை உள்ளே திணிக்கும் டர்போ என்னும் கருவி இப்போது பெட்ரோல் எந்திரங்களிலும் பொருத்தப்படுகிறது. 2020-இல் வெளிவந்த மகிந்திரா தார் நல்ல உதாரணம். அதன் 2.2 லிட்டர் டீசல் எந்திரம் தந்த முறுக்கு விசை 300 நியூட்டன் மீட்டர். கையால் கியர் மாற்றும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எந்திரம் தந்ததும் அதே 300. தானே கியர் மாறும் பெட்ரோல் வண்டியில் அது 320. குதிரைத்திறனிலோ பெட்ரோல் ஏறத்தாழ 150, டீசல் 130. ஆகவே, பெட்ரோல் வண்டி இழுக்காது என்னும் பழைய தீர்ப்பு இத்தகைய வண்டிக்குப் பொருந்தாது. ஒரு வேறுபாடு மட்டும் நீங்கவில்லை. பாரம் ஏறஏறப் பெட்ரோல் வண்டியின் தாகம் மிகுதியாக வளர்கிறது. டீசல் வண்டியினுடையது அவ்வளவாக வளர்வதில்லை.

பின்னால் மாட்டி இழுக்கும் வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்தின்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஏறும்போது அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். இறங்கும்போதோ முன்னுக்குத் தள்ளும். இறக்கத்தில் பெட்ரோலும் டீசலும் ஒன்றே. தாழ்ந்த கியரில் இறங்குவதே பாதுகாப்பு. எண்ணெய் மிச்சமாகும் என்று எண்ணிச் சிலர் நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். அப்போது பிரேக்கு ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கிச் சூடேறி, முடிவில் பிடிக்காமற் போகும். மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது வண்டிக்காரர் எல்லோருக்குமே பொருந்தும்.

லட்சம் மீளும் நாள்

இப்போது பணக் கணக்கு. 2024 மார்ச்சில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 95 ரூபாயாகவும் டீசல் 88 ரூபாயாகவும் இருந்தன. வேறுபாடு 7 ரூபாய். விலை மாறினால் அன்பர்கள் தம் ஊர் விலையை இட்டுக்கொள்ளலாம். கணக்கின் முறை மாறாது.

பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும், அதே அளவுள்ள டீசல் வண்டி 15 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் ஒரு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 92 காசு ஆகிறது. டீசலில் 5 ரூபாய் 87 காசு. மிச்சம் 2 ரூபாய் 5 காசு. டீசல் வண்டிக்கு ஒரு லட்ச ரூபாய் அதிகம் கொடுத்திருந்தால், அது மீள்வதற்கு ஏறத்தாழ 48,800 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டிக்கு இது இரண்டே ஆண்டு வேலை. அத்தகைய வண்டிக்காரர் டீசலை வாங்குவதே அறிவுடைமை. நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கோ பத்து ஆண்டும் பத்து மாதமும் ஆகும். டில்லியில் டீசலுக்கு வைத்த கெடுவே பத்து ஆண்டுதான்! லட்சம் மீள்வதற்கு முன்பே வண்டி போய்விடும்.

குறுந்தூர ஓட்டத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று அமைந்திருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து நீங்க 550 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிடம் சீராக ஓடினால் அது தானே நடந்துவிடும். விடியற்காலையில் கடைக்குக் கடை நின்று செல்லும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் படியேற வேண்டும்.

அந்த வடிகட்டியைப் பழிக்கவும் வேண்டா. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. பழைய வண்டிகளின் புகையையே நம் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வழியில் சுவாசித்து வந்தார்கள். பி.எஸ்.-4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடலாம் என்றிருந்தது. பி.எஸ்.-6 விதி அதை 80 ஆகக் குறைத்தது. பெட்ரோலுக்கு வரம்பு 60.

சட்டம் வைத்த கெடு

டில்லி, நொய்டா, குருகிராமம், பரீதாபாத் முதலிய தலைநகர வட்டாரத்திலுள்ளோர் இவ்விதிகளை மனத்திற் பதித்துக்கொள்வது நலம். டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு, பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு என்பது அடிப்படை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு வண்டிக்காரர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டா என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 வகைக்கும் அதற்குப் பிற்பட்டவற்றுக்குமே உரியது என்று குறுக்கியது. ஓர் ஆணை வந்தது, மற்றோர் ஆணையால் மாறியது. நகையை வைத்து வண்டி வாங்குவோர் இடைக்கால ஆணையை நம்பி வாங்குவது, ஆற்று மணலில் அடித்தளம் இடுவது போலாகும்.

குளிர்காலத்தில் காற்று மிகவும் கெடும்போது வேறு தடைகளும் வருகின்றன. மூன்றாம் படி எச்சரிக்கை அறிவிக்கப்பட்டதும் பி.எஸ்.-3 பெட்ரோல் கார்களும் பி.எஸ்.-4 டீசல் கார்களும் டில்லித் தெருவில் இறங்கக்கூடாது. சரக்கு வண்டிகளுக்கும் தனித் தடைகள் உண்டு; அவற்றிலும் முதலில் அகப்படுவது பழைய டீசல் வண்டிகளே. இத்தடைகள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரையில் வருபவை. கார்த்திகை முகூர்த்தங்களும் தையின் தொடக்க முகூர்த்தங்களும் அக்காலத்திலேயே அமைகின்றன என்பதைச் சமையற் குத்தகைக்காரர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பும்போது வண்டியையும் கொண்டுபோகலாம் என்று எண்ணுவோர் உண்டு. போகலாம். ஆனால் வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அந்த மாநிலத்து வரியும் கட்ட வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர் முதலியோருக்காக 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவு இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கிறது. அதிலும் டீசல் வண்டிக்கு வரி நூற்றுக்கு 2 கூடுதல்.

கரடுமுரடான பாதை

இனி நொய்டாத் தம்பதியரின் மலைப் பயணம். சாலையில்லாத இடத்தில் வண்டியைக் காப்பது எரிபொருளன்று என்பதை முதலிற் கூறிவிடுகிறோம். நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு, மிகத் தாழ்ந்த வேகத்தில் ஊர்ந்து செல்ல உதவும் லோ கியர், தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே போதிய உயரம், நல்ல டயர், அனைத்துக்கும் மேலாக ஓட்டுபவரின் பொறுமை ஆகியவையே காப்பவை. லோ கியர் இல்லாத டீசல் வண்டியைவிட, அது உள்ள பெட்ரோல் வண்டி பாறைப் பாதையில் நிம்மதியாக ஏறும். மணலிலும் சேற்றிலும் மூக்குக் கனத்த வண்டி முதலில் புதையும். அங்கே டீசலின் கனம் ஓர் குறையே.

ஓடை கடப்பதில் இருவகைக்கும் எச்சரிக்கை ஒன்றே. எந்திரம் காற்றிழுக்கும் வாயில் நீர் புகுந்தால் ஆபத்து. காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. உள்ளே தண்டு வளைந்துவிடும். அதிகமாக நெருக்கும் டீசல் எந்திரத்தில் சேதமும் அதிகம்.

உயரத்தைப் பற்றி நண்பர்கள் கூறிய அச்சத்தில் பாதி உண்மை உண்டு. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங்லா கணவாயில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியே. டர்போ இல்லாத பெட்ரோல் எந்திரம் அங்கே தன் வலிமையிற் பாதியை இழக்கும். "மூச்சு வாங்கும்" என்ற பேச்சு அக்காலத்து வண்டிகளால் வந்தது. டர்போ உள்ளது, பெட்ரோலோ டீசலோ, அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்கிறது.

குளிரில் டீசலுக்கே கேடு. டீசலில் உள்ள மெழுகு உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். லடாக் மக்களுக்காக மைனஸ் 33 பாகையிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்த நேர்ந்ததே இதற்குச் சான்று. டில்லியில் நிரப்பிய டீசலோடு நடுக்குளிரில் மேலே போவது தகாது.

டீசலுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் தாண்டி என்னும் ஊரில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த பலகை நெடுங்காலம் பயணிகளிடையே புகழ் பெற்றிருந்தது. அத்தகைய வழியில் ஒரு நிரப்பில் நெடுந்தூரம் ஓடும் டீசல் வண்டி மன அமைதி தரும். தகரத்தில் எண்ணெய் எடுத்துச் செல்ல நேர்ந்தாலும் டீசலைவிடப் பெட்ரோலின் ஆவி எளிதில் தீப்பற்றும். மற்றொரு பக்கம், ரோத்தங் கணவாய்க்கு நாளொன்றுக்குப் பெட்ரோல் வண்டி 600, டீசல் வண்டி 400 என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் வரம்பிட்டது. பின்னர்ப் பெட்ரோலுக்கு 800 ஆக உயர்த்தியது. மலையும் இப்போது பெட்ரோல் வண்டிக்கே சற்று அகலமாகக் கதவைத் திறக்கிறது.

நம் விடை

நொய்டாத் தம்பதியருக்கு நம் கருத்து இது. ஆண்டுக்கு நாலைந்து பயணமாக 7,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் டர்போ பெட்ரோல் வண்டியை வாங்குக. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயருக்கும், மலையில் ஓட்டப் பழகுவதற்கும் செலவிடுக. பதினைந்து ஆண்டு வைத்துக்கொள்ளலாம் என்பதால், இன்னும் பிறவாத குழந்தைகளும் அதில் பனிமலை காணக்கூடும்.

சமையற் குத்தகை அன்பருக்கு: முன்பணம் கொடுக்க வேண்டா. எட்டு ஆண்டு ஓடிய அந்த டீசல் வண்டி ஏன் மலிவாக வந்தது என்பதற்கு இதுவரை கூறியவையே விடை. இன்னும் இரண்டு ஆண்டில் அதன் பத்தாண்டு நிறைவடையும். நகைக் கடன் அதற்குள் தீருமா என்பதை இருவரும் அமர்ந்து பார்க்க வேண்டும்.

புதிய டீசல் பிக்-அப் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் அம்மையாரின் நோட்டுப் புத்தகம் நமக்கு உதவிற்று. மாவு வண்டியின் 15 கிலோமீட்டர், ஆண்டுக்கு 4,500. மலைப் பயணம் ஐந்து, ஒவ்வொன்றும் 500 என்றால் 2,500. ஆகமொத்தம் 7,000. டீசலுக்குக் கொடுத்த லட்சம் மீள ஏழு ஆண்டு. பிறகு எஞ்சும் மூன்று ஆண்டில் ஆண்டுக்கு 14,000 ரூபாய் ஆதாயம். அதில் வடிகட்டித் தொல்லை எவ்வளவு விழுங்குமோ! இந்தச் சிறு ஆதாயத்துக்காகப் பெருங்கடன் சுமக்க வேண்டா.

அவருடைய அன்றாட வேலை மாவு விநியோகம். அதற்குச் சிறிய சரக்கு வண்டி போதும். நம் ஊர்ப்பக்கம் 'குட்டி யானை' என்று எல்லோரும் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-இல் பதினாறு குதிரைத்திறன் டீசல் எந்திரத்தோடு பிறந்தது. பின்னர் அவ்வகையிலேயே பெட்ரோலும், இயற்கை வாயுவும், 2022-இல் மின்சாரமும் வந்துவிட்டன. மாருதி நிறுவனமோ 2020-இல் டீசலை அறவே கைவிட்டுத் தன் சிறு சரக்கு வண்டியைப் பெட்ரோலிலும் வாயுவிலும் மட்டும் தருகிறது. வாயு வண்டிக்குச் செலவு குறைவு. ஆயினும் மேட்டில் இழுப்புச் சற்றுக் குறையும், மலைப் பக்கம் வாயு நிரப்பும் இடங்களும் அரிது. நகருக்குள் ஓடுவதற்கு அது குறையாகாது. எவ்வகை வாங்கினாலும் முன்பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், தொழில் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்க.

ஹரித்துவாரத்துக்கும் முசௌரிக்கும் இப்போது போலவே பெரிய டீசல் வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு அமர்த்துக. ஜெனரேட்டரையும் அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுப்பது நலம். ஐந்து நாள் வேலைக்காக முந்நூற்றறுபது நாள் ஒரு பெரிய வண்டியைக் கட்டித் தீனி போடுவானேன்? தொழில் வளர்ந்து, பாரத்தோடு நாள்தோறும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடும் நிலை வருமானால் அப்போது புதிய பி.எஸ்.-6 டீசல் பிக்-அப்பை அவரே தயக்கமின்றி வாங்கலாம், நாமும் வாழ்த்துவோம்.

அன்றாட வேலைக்கு ஏற்ற வண்டியை வாங்குக, அரிதாக வரும் வேலைக்கு வண்டியை அமர்த்துக என்பதே இத்திங்கள் கணக்கின் முடிவு. வண்டி வாங்கும் எண்ணமுள்ள அன்பர்கள் ஒரு மாதம் எங்கெங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பாரம் என்று ஒரு நோட்டில் எழுதி வருவார்களாக. பிறகு கடைக்காரரிடம் போவதற்கு முன் அதை ஒருமுறை வீட்டில் படித்துக் காட்டுவார்களாக.

அந்த அம்மையாரின் நகைகள் பெட்டியிலேயே இருக்கட்டும். சிறிய வண்டிக்குச் சிறிய கடன் போதும். அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று எழுதினால் மகிழ்வோம். நோட்டுப் புத்தகக் கணக்கையும் உடன் அனுப்புமாறு வேண்டுகிறோம்.